வளர்ந்தால் பிடித்துவிடுமா?

கேள்வி:

எனக்கு வயது 37. சின்ன வயதில் சாப்பாட்டு விஷயத்தில் வீட்டையே படுத்தி எடுத்தவள் நான். கத்தரிக்காய் கொழகொழவென்று இருக்கிறது என்று அழுவேன். முட்டைக்கோஸ் வேகிற வாடை வந்தாலே அடுத்த அறைக்குப் போய்விடுவேன். காளானை நாக்கில் வைத்ததுகூட இல்லை. தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இன்றைக்கோ கத்தரிக்காய்தான் எனக்கு மிகவும் பிடித்த காய். முட்டைக்கோஸும் காளானும் நானே விரும்பி வாங்குகிறேன். சர்க்கரை போடாமல் காபி குடிக்கிறேன். எப்போது மாறினேன் என்றே தெரியவில்லை. அவித்த முட்டை மட்டும் இன்றுவரை தொண்டைக்குள் இறங்குவதில்லை. 9 வயதில் ஒரு நாள் அதைச் சாப்பிட்டேன், இரவு முழுக்க வாந்தி. அன்றோடு சரி. கேக், பிஸ்கட்டில் முட்டை இருந்தால் ஒன்றும் ஆவதில்லை. "இன்னும் சின்னப் பிள்ளை மாதிரி" என்று கணவர் சொல்லும்போது கஷ்டமாக இருக்கிறது.

இப்போது என் 5 வயது மகளும் தொடங்கிவிட்டாள். 2 வயதுவரை கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டவள், இன்று பச்சை நிறத்தில் எதைக் கண்டாலும் தட்டைத் தள்ளிவிடுகிறாள். "நீயும் இப்படித்தான் இருந்தே, வளர்ந்தா சரியாயிடும்" என்கிறார் அம்மா. "இப்பவே பழக்கலைன்னா எப்பவுமே சாப்பிட மாட்டா" என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது? என் நாக்கு எப்படி மாறியது? முட்டை விஷயத்தில் மட்டும் ஏன் மாறவில்லை? எனக்கு முட்டை பிடிக்காது என்பதை மகளிடம் சொல்லலாமா?

உணவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அம்மாவும் கணவரும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்கிறார்கள். சின்ன வயதில் ஒதுக்கியவற்றில் பல, வளர்ந்தபின் பிடித்துப்போவது உண்மைதான். அம்மா தன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். ஆனால் வயது தானாக அதைச் செய்து கொடுத்துவிடாது. அந்த உணவு கண்ணிலும் மூக்கிலும் நாக்கிலும் திரும்பத் திரும்பப் பட்டிருக்க வேண்டும், அதுவும் யாரும் நெருக்காத நேரத்தில். அந்த வகையில், பழக்க வேண்டும் என்று கணவர் சொல்வதும் சரி. எப்படிப் பழக்குவது என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது, ஒதுக்கிய ஒவ்வொன்றுக்கும் நீங்கள் தனித்தனியாகக் காரணம் எழுதியிருப்பது. கத்தரிக்காயில் உங்களுக்கு ஆகாதது அதன் கொழகொழப்பு. முட்டைக்கோஸில் வாடை. காளானை நீங்கள் சுவைத்துப் பார்த்ததே இல்லை, பார்வையிலேயே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். முட்டைக்குப் பின்னால் ஓர் இரவு முழுக்க வாந்தி இருக்கிறது. நான்கும் வெவ்வேறு வழியில் வந்தவை. போவதும் வெவ்வேறு வழியில்தான். மகள் தட்டைத் தள்ளும்போதும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: அவளுக்கு ஆகாதது சுவையா, வாடையா, வாயில் படும் விதமா, அல்லது அது புதிது என்பதே காரணமா?

சுவையிலிருந்து தொடங்குகிறேன். 1970-களில் ஜேக்கப் ஸ்டெய்னர் என்ற ஆய்வாளர், பிறந்து இன்னும் முதல் பால்கூடக் குடிக்காத சிசுக்களின் நாக்கில் வெவ்வேறு சுவைத் துளிகளை வைத்து முகத்தைப் பதிவு செய்தார். இனிப்பு பட்டதும் முகம் தளர்ந்து சப்புக்கொட்டின. கசப்பு பட்டதும் வாயைக் கோணி வெளியே தள்ளின. யாரும் சொல்லிக் கொடுக்காமலே வருவது இது. தாய்ப்பால் இனிப்பு, தாவர நச்சுகளில் பல கசப்பு. கண்டதை வாயில் வைக்கும் வயதில் கசப்பைத் துப்புவது உயிரைக் காக்கும் ஏற்பாடு. மனிதரிடம் கசப்பை அறிவதற்கென்றே சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன.

அந்த ஏற்பிகள் எல்லோரிடமும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் ஒரு தூளைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. கூட வேலை செய்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணு 2003-இல் அடையாளம் காணப்பட்டது. 2005-இல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லாவின் குழு இன்னொன்றைக் காட்டியது. அந்த மரபணுவில் கசப்பை உணரும் வடிவம் ஒன்றும் உணராத வடிவம் ஒன்றுமாகக் கலந்து பெற்ற குழந்தைகள், அதே கலவையைக் கொண்ட பெரியவர்களுக்குத் தெரியாத மிகக் குறைந்த கசப்பைக்கூடக் கண்டுபிடித்தார்கள். அதாவது நீங்களும் மகளும் ஒரே பாத்திரத்திலிருந்து ஒரே கீரையைச் சாப்பிட்டாலும், அவள் வாயில் அது உங்களுக்குக் கசப்பதைவிட அதிகமாகக் கசக்கக்கூடும். "இதுல என்ன கசக்குது, நடிக்காதே" என்று வாய்வரை வரும் வார்த்தையைத் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள்.

முட்டைக்கோஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி ஆகியவற்றில் கந்தகம் கொண்ட சேர்மங்கள் உண்டு. மெல்லும்போது நம் உமிழ்நீரில் வாழும் பாக்டீரியாக்களும் அவற்றைச் சிதைப்பதால், வாய்க்குள்ளேயே கடுமையான வாடை கிளம்பும். 2021-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 6 முதல் 8 வயதுக் குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஜோடியாக எடுத்து, 98 ஜோடிகளின் உமிழ்நீரைக் காலிஃபிளவர் தூளோடு கலந்து சோதித்தார்கள். உண்டாகும் வாடையின் அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறியது. ஆனால் பெற்றோர் வாயில் எப்படியோ, ஏறக்குறைய அப்படியே பிள்ளை வாயிலும். அதிக வாடை உண்டான குழந்தைகள் அந்தக் காய்களை அதிகமாக வெறுத்தார்கள். பெரியவர்களிடம் மட்டும் அந்தத் தொடர்பைக் காணவில்லை. வாயில் வாடை எழுந்தாலும் அவர்கள் காலப்போக்கில் அதை ஏற்கப் பழகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

உங்கள் கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வை நான் படித்ததில்லை. இன்று நீங்கள் முட்டைக்கோஸை விரும்பி வாங்குவதால் உங்கள் வாயில் அந்த வாடை எழாமல் போய்விட்டது என்று பொருளில்லை. அந்த வாடையோடு மூளை சமாதானம் ஆகிவிட்டது. வயது ஏற ஏற நாக்கு மரத்துப்போகிறது, அதனால்தான் கசப்பெல்லாம் பிடிக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். 37 வயதுக்காரருக்கு அந்த விளக்கம் பொருந்தாது. சுவை அரும்புகளில் உள்ள செல்கள் சராசரியாகப் பத்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருக்கின்றன. கவனிக்கத்தக்க சரிவு பெரும்பாலும் 60-ஐத் தாண்டித்தான் வரும், அதிலும் முதலில் மங்குவது மோப்பம். உங்களிடம் நடந்ததில் பெரும்பங்கு கற்றல்.

கற்றல் என்றால் உட்கார்ந்து படிப்பதல்ல. காபியைப் பாருங்கள். முதல் தடவை எந்தக் குழந்தையும் அதைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் விரும்பியிருக்காது. இனிப்போடு சேர்ந்து வந்ததால் கசப்பு உள்ளே நுழைய இடம் கிடைத்தது. குடித்தபின் காஃபீன் தந்த சுறுசுறுப்பை உடம்பு அந்த மணத்தோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொண்டது. அப்புறம் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தும் விருப்பம் குறையவில்லை. இதே வழி காய்களிலும் பலிக்கிறது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், கசப்பும் புளிப்புமான கிரேப்ஃப்ரூட் பழச் சாற்றைச் சர்க்கரை சேர்த்துச் சில தடவை குடித்த குழந்தைகள் பிறகு சர்க்கரை சேர்க்காத சாற்றையும் முன்னைவிட விரும்பினார்கள். கல்லூரி மாணவர்களிடம் புரோக்கோலியையும் காலிஃபிளவரையும் வைத்துச் செய்தபோதும் அதுவே நடந்தது. காயில் சர்க்கரை கொட்டச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே பிடித்த ஒன்றின் துணையோடு வரும்போது பிடிக்காததும் மெல்ல ஏற்கப்படுகிறது என்பதே இதில் நமக்கு வேண்டியது. அளவான உப்புகூடக் கசப்பை அமுக்கும் வேலையை நன்றாகச் செய்யும்.

கத்தரிக்காய் எப்படி மாறியிருக்கும் என்று என்னால் ஊகிக்க மட்டுமே முடியும். வாயில் படும் விதம்தான் தடை என்றால் சமைக்கும் முறை மாறினாலே பாதித் தடை போய்விடும். வேகவைத்தால் குழைகிற அதே காய், மெல்லியதாக அரிந்து சூடான கல்லில் முறுகினால் வேறு பொருளாகிவிடுகிறது. அப்படி ஒரு வடிவத்தில் எங்கேயோ நீங்கள் சாப்பிட்டிருக்கலாம். என்னிடம் வருகிறவர்களிடம் "இது எப்போது பிடித்துப்போனது?" என்று கேட்டால் பெரும்பாலும் வாழ்க்கையின் ஒரே கட்டத்தைத்தான் சொல்கிறார்கள்: வீட்டை விட்டு வெளியே தங்கியபோது, முதல் வேலைக்குப் போனபோது, சொந்தமாகச் சமைக்க ஆரம்பித்தபோது. பக்கத்தில் இருப்பவர்கள் ரசித்துச் சாப்பிடுகிறார்கள், நமக்கும் பசி, நாம் சாப்பிடுகிறோமா இல்லையா என்று யாரும் நம் தட்டைப் பார்ப்பதில்லை. நல்ல சூழ்நிலை அது.

குழந்தைகளிடம் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். லீன் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-இல், ஒரு காயைவிட இன்னொன்றை விரும்பும் குழந்தையை, அதற்கு நேர்மாறான விருப்பம் கொண்ட குழந்தைகளோடு சாப்பிட உட்கார வைத்தார். நான்காம் நாளுக்குள், இப்படி உட்கார வைக்கப்பட்ட குழந்தைகள் தாம் முதலில் ஒதுக்கிய காயை எடுக்கத் தொடங்கிவிட்டன. பின்னால் நண்பர்கள் இல்லாதபோதும் அந்த மாற்றம் தங்கியது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

சில நேரம் மாறுவது நாம் அல்ல, காய்தான். குட்டி முட்டைக்கோஸ்போல் இருக்கும் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் ஐரோப்பியக் குழந்தைகளை நெடுங்காலம் அழவைத்த காய். 1990-களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதன் கசப்புக்குக் காரணமான சேர்மங்களை அடையாளம் கண்டார்கள். அவை குறைவாக உள்ள ரகங்களை விதை நிறுவனங்கள் வளர்த்தெடுத்தன. ஆகவே 30 வருடம் கழித்து ஒரு காயைச் சுவைத்து "இது இப்படியா இருந்தது?" என்று ஒருவர் வியந்தால், அவர் ஞாபகம் தப்பாக இருக்க வேண்டியதில்லை.

சரி, உங்கள் மகள்.

2 வயதுவரை எல்லாவற்றையும் சாப்பிட்ட குழந்தை திடீரென்று மறுக்கத் தொடங்குவது மிக மிகச் சாதாரணம். நடக்கவும் தானாக எடுத்து வாயில் வைக்கவும் தொடங்கும் வயதில், தெரியாத உணவின் மீது ஓர் எச்சரிக்கை எழுகிறது. ஏறக்குறைய 2 முதல் 6 வயதுவரை அது உச்சத்தில் இருந்து, பிறகு பெரும்பாலான குழந்தைகளிடம் மெல்லத் தணிகிறது. நீங்கள் காளானிடம் நடந்துகொண்டதும் இதுதான். சுவை நாக்குக்கு வருமுன்பே கண் கதவைச் சாத்திவிட்டது. இதில் பரம்பரையின் பங்கு பெரிது. 8 முதல் 11 வயதுவரையான 5,000-க்கும் அதிகமான இரட்டையர் ஜோடிகளை வைத்து 2007-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, புதிய உணவுக்கு அஞ்சும் தன்மையில் குழந்தைக்குக் குழந்தை காணும் வேறுபாட்டில் 78 சதவீதத்தை மரபணுக்களால் விளக்கலாம் என்றது. உங்கள் வளர்ப்பில் குறை என்று யாராவது சொன்னால் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பரம்பரையாக வந்தது மாறாது என்றும் நினைக்காதீர்கள். நீங்களே மாறியிருக்கிறீர்களே.

மாற்றுவது எது என்றால், திரும்பத் திரும்பப் பார்ப்பதும் சுவைப்பதும்தான். இதே லீன் பிர்ச் 1982-இல் 2 வயதுக் குழந்தைகளிடம் புதிய உணவுகளை வெவ்வேறு எண்ணிக்கையில் கொடுத்துப் பார்த்தார். அதிக தடவை சுவைத்ததையே அவர்கள் அதிகம் விரும்பினார்கள். தாய்மார்கள் "இது என் குழந்தைக்கு ஆகவே ஆகாது" என்று சொன்ன காய்க்கூழை 7 மாதக் குழந்தைகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 8 தடவை கொடுத்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. பெரும்பாலான குழந்தைகள் கடைசியில் அதை நன்றாகவே சாப்பிட்டார்கள், ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோதும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 5 வயதில் இன்னும் கூடுதலாகவே ஆகும். 10, 15 தடவை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பெற்றோரிடம் 2004-இல் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், மூன்று முதல் ஐந்து தடவை கொடுத்துப் பார்த்துவிட்டுப் பெரும்பாலோர் "பிடிக்கவில்லை" என்று முடிவுகட்டிவிடுவது தெரிந்தது. பலன் வரும் நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறோம்.

ஒரு தடவை என்பது ஒரு கிண்ணம் அல்ல, பட்டாணி அளவு போதும். தொட்டுப் பார்த்தால் அதுவே முன்னேற்றம். முகர்ந்தால், நுனி நாக்கால் நக்கினால் இன்னும் நல்லது. வாயில் போட்டுப் பிடிக்கவில்லை என்றால் ஓரமாகத் துப்பிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துப்பலாம் என்று தெரிந்த குழந்தைக்குத்தான் வாயில் வைக்கும் துணிச்சல் வரும். அவளுக்கு நிச்சயம் பிடித்த ஏதாவது ஒன்று தட்டில் எப்போதும் இருக்கட்டும், பசியோடு எழுந்துவிடுவாளோ என்ற பயம் உங்களுக்கும் இருக்காது. முக்கியமாக, அதே பச்சைக் காய் உங்கள் தட்டிலும் கணவர் தட்டிலும் இருக்க வேண்டும், நீங்கள் அதைச் சாப்பிடுவதை அவள் பார்க்க வேண்டும். முட்டைக்கோஸ் வகைகளை அதிக நேரம் வேகவிடாதீர்கள், வேக வேகக் கந்தக வாடை ஏறும். ஒரு வாரம் பச்சையாகத் துருவி, இன்னொரு வாரம் கல்லில் வாட்டி என்று வடிவத்தை மாற்றிப் பாருங்கள். அரைத்து வேறு உணவில் கலந்து கொடுத்தால் சத்து உள்ளே போகும், அதில் தவறில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத காயை அவள் பழகிக்கொள்ள முடியாது. கலந்ததோடு நிறுத்தாமல் முழுக் காயும் தட்டில் ஓர் ஓரமாக இருக்கட்டும்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்புவது: தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கக் கூடாது என்ற அந்தப் பழைய சட்டத்தை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு சூப்கள் தரப்பட்டன. ஒன்றைத் தரும்போது "சூப்பைக் குடித்து முடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், இன்னொன்றுக்கு எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாமல் விட்டதைத்தான் குழந்தைகள் அதிகம் குடித்தார்கள். நெருக்கப்பட்ட சூப்பைப் பற்றிக் குறை சொன்னதும் மிக அதிகம். அந்த ஆய்வில் நெருக்கியது வெறும் ஒரு வாக்கியம். மிரட்டல் இல்லை, அடி இல்லை. நீங்கள் கத்தரிக்காயை நேசிக்கத் தொடங்கியது அந்தச் சட்டத்தால் அல்ல, அதையும் மீறித்தான் என்று நான் நினைக்கிறேன்.

"கீரையை முடித்தால் ஐஸ்கிரீம்" என்பதும் வேண்டாம். இதைச் சாப்பிட்டால் அது கிடைக்கும் என்று பேரம் வைத்த உணவின் மீது விருப்பம் குறைவதை பிர்ச்சின் குழுவே 1984-இல் பதிவு செய்திருக்கிறது. இது வெறும் தண்டனை, அதுதான் பரிசு என்று குழந்தை கணக்குப் போட்டுவிடுகிறது. இங்கே ஒரு விலக்கு உண்டு. 2011-இல் பிரிட்டனில் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம், பிடிக்காத ஒரு காயை 12 நாள் கொஞ்சமாகச் சுவைத்துப் பார்க்கச் சொல்லி, சுவைத்ததும் ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். விருப்பமும் கூடியது, மூன்று மாதம் கழித்தும் பலன் தங்கியது. பரிசு தின்பண்டமாக இல்லை, தட்டை முடித்ததற்கும் இல்லை. ஒரு துணுக்கைச் சுவைத்துப் பார்த்ததற்கு மட்டும். உங்கள் மகளுக்கு ஸ்டிக்கர் பிடிக்கும் என்றால் தாராளமாகச் செய்து பாருங்கள்.

அவள் காதுபட "இவளுக்குப் பச்சைக் காயே பிடிக்காது" என்று உறவினரிடம் சொல்லாமல் இருப்பதும் மருந்தைப் போல வேலை செய்யும். 5 வயதில் பிள்ளைகள் நாம் சொல்வதை அப்படியே தங்கள் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

முட்டைக்கு வருகிறேன். உங்களிடம் நடந்தது வேறு வகைக் கற்றல், ஆராய்ச்சியில் நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்டதும்கூட. 1955-இல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும், இனிப்பு நீர் குடித்த எலிகளைக் கதிர்வீச்சால் நோயுறச் செய்தபோது, அவை பிறகு அந்த இனிப்பு நீரையே தவிர்த்தன. சாதாரணமாக ஒன்றைக் கற்க எத்தனையோ தடவை வேண்டும். சாப்பிட்டபின் குமட்டலோ வாந்தியோ வந்தால் மட்டும் ஒரே தடவை போதும், இடையில் சில மணி நேரம் ஆகியிருந்தாலும் போதும். அந்த உணவுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1978-இல் அமெரிக்காவில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு, குமட்டலை உண்டாக்கும் மருந்துக்கு முன் அவர்களுக்குப் பழக்கமில்லாத சுவையில் ஐஸ்கிரீம் தந்தார் ஐலீன் பெர்ன்ஸ்டைன். பின்னர் அவர்களில் பலர் அந்த ஐஸ்கிரீமை மட்டும் ஒதுக்கினார்கள். வாந்தி மருந்தால் வரக்கூடியது என்று தெரிந்த பெரிய குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அறிவுக்குத் தெரிந்தாலும் வயிறு கேட்பதில்லை.

உங்களுக்கு 9 வயதில் வந்தது ஒருவேளை வயிற்றுக் கிருமியாக இருந்திருக்கலாம், முட்டையின் மேல் தவறே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அன்று கவுச்சி வாடையும் வாந்தியும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டன. கத்தரிக்காய் பிடிக்காமல் இருந்த வருடங்களிலும் நீங்கள் அதை எப்போதாவது சுவைத்துக்கொண்டேதான் இருந்தீர்கள், அதனால் மாற வாய்ப்பு கிடைத்தது. முட்டையை அன்றோடு முழுதாக நிறுத்திவிட்டீர்கள். எனவே "சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற புதிய அனுபவம் அந்த முடிச்சின் மேல் ஏறவே இல்லை. 28 வருடம் ஆகியும் அது அப்படியே இருப்பதில் ஆச்சரியமில்லை. உங்கள் கணவர் இந்தப் பத்தியை மட்டுமாவது படிக்கட்டும். இதில் சின்னப்பிள்ளைத்தனம் எதுவும் இல்லை. எந்த வயதில் வாந்தி எடுத்தாலும் இது நடக்கும், அவருக்கும் நடக்கலாம்.

அவிழ்க்க முடியுமா என்றால், முடியும், நீங்கள் விரும்பினால் மட்டும். கேக்கில் உள்ள முட்டை உங்களுக்கு ஒத்துக்கொள்வதால் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் முழுதாக நிச்சயம் இல்லை: கேக்கில் நன்றாக வெந்த முட்டையைத் தாங்கும் சிலருக்கு அவித்த முட்டை ஆகாமல் போவதுண்டு. முட்டை சாப்பிட்ட அன்று தோலில் தடிப்போ, உதடு வீக்கமோ, மூச்சுத் திணறலோ எப்போதாவது இருந்ததாக அம்மாவுக்கு ஞாபகம் இருந்தால், முயற்சிக்கு முன் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், கவுச்சி வாடை தெரியாத வடிவத்திலிருந்து தொடங்கலாம்: முதலில் மாவோடு கலந்து சுட்டது, பிறகு காய்கள் நிறையப் போட்டு நன்றாக முறுகலாக வெந்தது. அவித்த முட்டை கடைசி. வயிறு சரியில்லாத நாளிலோ களைப்பாக இருக்கும் நாளிலோ முயல வேண்டாம். முயலவே வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் முழுமையான பதில்தான். முட்டையில் உள்ள எந்தச் சத்தையும் வேறு உணவுகளிலிருந்து பெற முடியும். ஒரே ஒரு உணவைப் பிடிக்காமல் வாழ்நாள் முழுக்க ஆரோக்கியமாக இருக்கலாம்.

மகள் விஷயத்தில் எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அவள் எடை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ, சாப்பிடும் உணவுகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கி ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போனாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, உணவைப் பார்த்தே குமட்டினாலோ, பள்ளியிலும் வெளியிலும் ஒன்றுமே சாப்பிட முடியாத நிலை வந்தாலோ, இது வளரும்போது தணியும் வகை அல்ல. உடல் எடை பற்றிய கவலை எதுவும் இல்லாமலே உணவை இப்படித் தவிர்ப்பதை ஒரு தனிப்பட்ட கோளாறாக மனநல மருத்துவக் கையேடான டிஎஸ்எம்-5, 2013-இல் சேர்த்திருக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. குழந்தை மருத்துவரிடம் தொடங்குங்கள். பச்சைக் காயை மட்டும் தள்ளிவிட்டு மற்றதைச் சாப்பிட்டு, ஓடியாடி, வயதுக்கேற்ற எடையில் இருக்கிறாள் என்றால் நிதானமாகவே போகலாம். பழங்களும் பருப்பு வகைகளும் அவள் சாப்பிடும் வேறு நிறக் காய்களும் இப்போதைக்குத் துணை நிற்கும்.

கடைசியாக, முட்டை பிடிக்காது என்று அவளிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள். மறைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள், அப்போது அவள் கற்றுக்கொள்வது பிடிக்காததை ஒளிக்க வேண்டும் என்பதாக இருக்கும். "சின்ன வயசுல முட்டை சாப்பிட்ட அன்னிக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, அதனால இன்னும் ஒத்து வரலை. அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று மூக்கைச் சுளிக்காமல் சாதாரணக் குரலில் சொன்னால் போதும். முட்டை அவித்து அவளுக்குக் கொடுக்கும் வேலையைக் கணவரிடம் விட்டுவிடுங்கள், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். நீங்கள் ஒருகாலத்தில் கத்தரிக்காய்க்கு அழுததையும் இன்று அது பிடிப்பதையும் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம். "அதனால நீயும் சாப்பிடு" என்று மட்டும் கடைசியில் சேர்த்துவிடாதீர்கள்.